கூரையைத் தொடாத சுவர்

திண்டிவனத்தில் நான் குடியிருக்கும் அறையில் மூன்று சுவர்கள்தான் கூரையைத் தொடும். நான்காவது சுவர் பக்கத்து அறைக்கும் எனக்கும் பொதுவானது. அது என் தலைக்கு மேல் ஒரு முழம் போய் நின்றுவிடும். அதற்கு மேல் சிமெண்ட் ஷீட் வரை வெறும் இடைவெளி. ஒரே கூரைக்கு அடியில் வரிசையாக அறைகள் கட்டி வாடகைக்கு விடும் லைன் வீடுகளில் இது வழக்கம். காற்றோட்டத்துக்காக என்பார் வீட்டுக்காரர். செங்கல் மிச்சம் என்பது குடியிருப்பவர்களுக்குத் தெரியும். பக்கத்து அறையில் மீன் வறுத்தால் என் பக்கம் வெறும் சோறே இறங்கும். அங்கே விளக்கு போட்டால் இங்கே பாதி வெளிச்சம் வரும்.

எட்டாம் வகுப்பை முடிக்காமல் வீட்டை விட்டுக் கிளம்பியவன் நான். போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே வெகுதூரம் போயிருக்கிறேன். கரும்பு வெட்டினேன், சூளையில் கல் அறுத்தேன், குடகில் காப்பிக்கொட்டை பறித்தேன். ஒரு ஊரில் இரண்டு பொங்கல் பார்த்ததில்லை. முட்டி தேய்ந்த பிறகு கனமான வேலை முடியாது என்று ஆனது. இப்போது கல்யாண மண்டபங்களில் பந்தி பரிமாறுகிறேன். பெரும்பாலும் விழுப்புரத்தில். முகூர்த்தம் இல்லாத மாதங்களில் வேலை கிடையாது. அப்படி ஓர் ஆடி மாதத்தில் சும்மா கிடக்க முடியாமல்தான் வீடியோ போட ஆரம்பித்தேன்.

வெளியூர் வேலைக்குப் போகிறவர்களுக்கான வீடியோ. ரிக் வண்டியில் சேரும் முன் மேஸ்திரியிடம் என்னென்ன கேட்க வேண்டும், இந்தியில் தண்ணீருக்கும் சோற்றுக்கும் வலிக்கும் என்ன சொல்ல வேண்டும், ரயில் நிலையத்தில் எந்தப் பக்கம் படுத்தால் போலீஸ் எழுப்பாது, இந்த மாதிரி. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும் என்பதைத் தவிர பெரிய நோக்கம் ஒன்றும் இல்லை. பேச ஆள் இல்லாதவன் ஃபோனைப் பார்த்துப் பேசினேன் என்றும் சொல்லலாம்.

முதலில் வந்த கமெண்ட், "அண்ணே, கெணத்துல வுழுந்துட்டீங்களா? கயிறு போடட்டுமா?" இரண்டாவது, "மூஞ்சி எங்க?"

இரண்டும் நியாயம்தான். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பேசியிருந்தேன். ஜன்னல் பளிச்சென்று இருக்க, அதன் முன்னால் கரிக்கட்டையாக ஓர் உருவம் வாயை அசைத்தது. திரும்பி உட்கார்ந்தேன். அப்போது வெயில் நேராக முகத்தில் அடித்து, திருடனைப் பிடித்து விசாரிப்பது போல இருந்தது. ஜன்னலை மூடி டியூப் லைட் போட்டால், வீடியோவில் கறுப்புக் கோடுகள் கீழிருந்து மேலே ஊர்ந்துகொண்டே போயின.

விளக்கை எப்படி வைப்பது என்பதை மண்டபத்தில் பார்த்துக் கற்றுக்கொண்டேன். கல்யாண வீடியோ எடுப்பவர் மணமேடையில் விளக்கைப் பெண்ணின் முகத்துக்குத் திருப்பவில்லை. தனக்குப் பின்னால் கட்டியிருந்த வெள்ளைத் துணிக்குத் திருப்பினார். துணியில் பட்டுத் திரும்பிய வெளிச்சத்தில் பெண்ணின் முகத்தில் நிழலே இல்லை. சாம்பார் வாளியோடு அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

"சாம்பாரு! யோவ் சாம்பாரு! பொண்ணு பாத்துட்டாங்கயா, நீ இப்ப வந்து இன்னாத்துக்குப் பாக்கற?" என்று பந்தியிலிருந்து ஒரு பெரியவர் கத்தினார். பந்தியே சிரித்தது.

கல்யாணம் முடிந்ததும் மேடையிலிருந்த தெர்மாகோல் பலகையைக் குப்பையில் போட்டார்கள். மணமக்கள் பெயர்களைச் சிவப்பில் எழுதி ஜிகினா ஒட்டிய பெரிய பலகை. அதன் பின்பக்கம் முழு வெள்ளை. எடுத்துக்கொண்டேன். விழுப்புரம் பஸ் நிலையத்தில் அடித்த காற்றில் பலகை என்னை இழுத்துக்கொண்டு போனது. நடத்துனர் படிக்கட்டில் நின்று பார்த்தார்.

"இன்னாபா, பேரு மட்டும் வருது? பொண்ணு மாப்ள எங்க?"

"கார்ல போய்ட்டாங்கண்ணே."

"அப்ப சரி, ஏத்து. ஜல்தியா ஏத்து. உடைஞ்சா ரெண்டு பேரும் பிரிஞ்சிட்டாங்கன்னு என் மேல பழி வரும்."

பெயர்கள் சுவரைப் பார்க்க, வெள்ளை என்னைப் பார்க்கப் பலகையைச் சாய்த்து வைத்தேன். எல்.இ.டி. பல்பை அதன் மேல் அடிக்கவிட்டேன். மறுபக்கம் பழைய வேட்டி ஒன்றைத் தொங்கவிட்டேன். ஃபோனில் பார்த்தபோது என் முகம் முழுதாகத் தெரிந்தது. நெற்றியின் சுருக்கங்கள், மீசையில் பாதி நரை. சலூன் கண்ணாடியில் அவசரமாகப் பார்க்கிற முகம்தான். இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல நான் அதைப் பார்த்ததில்லை.

வெளிச்சம் சுலபம். சத்தம்தான் பேஜாரு. ஃபேனை நிறுத்தி, வியர்வையோடு பேசினேன். சட்டையில் குத்துகிற வயர் மைக் ஒன்று வாங்கினேன். அது பொத்தானில் உரசி எலி கடிப்பது போலக் கேட்டது. பஞ்சு சுற்றி, காலருக்கு ஒரு சாண் கீழே குத்தினால் சரியாகும் என்று சில நாள் கழித்துத்தான் தெரிந்தது. ஆனால் சிமெண்ட் ஷீட்டில் முட்டித் திரும்புகிற எதிரொலியை மைக்கால் ஒன்றும் செய்ய முடியாது. அதோடு சுவருக்கு மேலே இருந்த அந்த இடைவெளி. என் குரல் அதன் வழியாக அந்தப் பக்கம் போய், ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்பி வந்தது. வரும்போது தையல் மெஷின் சத்தத்தையும் கூட்டிக்கொண்டு வந்தது.

பக்கத்து அறையில் இருந்தவர் தையல்காரர். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். கண்டமங்கலத்துக்கு உள்ளே ஒரு கிராமம். புருஷன் இல்லை. ஒரே மகன் ஓசூரில் கம்பெனி வேலை. அவரும் தனி, நானும் தனி. ஆனால் அவருக்கு மெஷின் இருந்தது. நாள் முழுக்க மிதித்துக்கொண்டே பேசுவார். துணியோடு பேசுவார், ஊசியைத் திட்டுவார், ஞாயிற்றுக்கிழமை ஜெபம் சொல்வார். நான் பேசப்போகும் முன் சுவரைத் தட்டுவேன். மெஷின் நிற்கும். முடித்ததும் மறுபடி தட்டுவேன்.

தட்டுவதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்துவிடும்.

"இன்னா தம்பி, ரிக் வண்டில பாம்பு வந்த கதைய வுட்டுட்ட?"

"அது வேணாம்னு வுட்டேங்க்கா."

"அதான நல்லா இருக்கும். பயந்துக்கினு லாரி மேல ஏறுனதச் சொல்ல மாட்ட. பெரிய ஆம்பள மாதிரி பேசிக்கினு போறே."

"நீ மெஷின் ஓட்டுக்கா."

"ஓட்டாம? நீ பேசறதக் கேட்டுக்கினு கையக் கட்டிக்கினு குந்தியிருந்தா எவ ஜாக்கெட்டு தருவா?"

என் வீடியோக்களை ஃபோனில் பார்த்தவர்கள் யார் என்று எனக்குத் தெரியாது. பேசப்பேசக் கேட்டவர் ஒருவர்தான். அவர் நடுவில் சிரித்தால் அந்த இடம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அவர் இருமினால் நீட்டிவிட்டேன் என்று அர்த்தம். இத்தனை ஊர்களில் இருந்திருக்கிறேன், சாயங்காலம் அறைக்குத் திரும்பும்போது "வந்துட்டியா?" என்று கேட்ட குரல் இந்தச் சுவருக்கு மேலிருந்துதான் முதன்முதலாக வந்தது. முட்டி சரியானதும் கிளம்பலாம் என்று இருந்தவன், அதனால்தான் கிளம்பாமல் இருந்தேன்.

ஒருமுறை அவர் தங்கை வீட்டுப் பெண்ணுக்கு மஞ்சள் நீர் என்று ஊருக்குப் போனார். அந்தச் சமயம் எனக்கும் வேலை இல்லை. மண்டபத்திலிருந்து கொண்டுவந்த வெங்காய மூட்டைச் சாக்குகள் இருந்தன. அவற்றில் வைக்கோலும் கிழிந்த போர்வையும் அடைத்து, சுவரின் மேல் அடுக்கி, இடைவெளியை ஷீட் வரை மூடினேன். மற்ற சுவர்களில் கோணியைத் தொங்கவிட்டேன். உட்கார்ந்து பேசிப் பார்த்தேன். எதிரொலி இல்லை. என் குரல் என் முன்னால் நின்றது.

அந்த வீடியோவுக்கு வந்த கமெண்டுகளில் ஒருவர் மட்டும் நான் சொன்ன விஷயத்தைப் பற்றி எழுதினார். மற்றவர்கள் எல்லாரும் சத்தத்தைப் பற்றித்தான். "ரேடியோல கேக்கற மாதிரி கீது" என்றார்கள். பக்கத்து அறை அக்கா ஊரிலிருந்து வந்ததும் காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் வந்த அன்று அறையில் விளக்கு போட்டது எனக்குத் தெரியவில்லை. மெஷின் ஓடியதும் தெரியவில்லை. காலையில் தண்ணீர்க் குழாயடியில்தான் பார்த்தேன். லைன் வீட்டுப் பெண்கள் எல்லாரும் குடத்தோடு நின்றார்கள்.

"இன்னா தம்பி, செவுத்த ஏத்திட்ட?" என்றார். முகத்தில் சிரிப்பு இருந்தது. குரலில் இல்லை.

"சவுண்டுக்காகங்க்கா."

"ஆமா, ஆமா. எங்க ஊர்லயும் அப்படித்தான் ஒரு காரணம் சொன்னாங்க. மாடு தாண்டுதுன்னு ஊருக்கும் காலனிக்கும் நடுவுல செவுரு எழுப்பனாங்க. எந்த மாடும் அந்தப் பக்கம் போயி நான் பாத்ததில்ல."

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார். மற்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். லைன் வீட்டில் பக்கத்து அறை யாருடையது என்று தெரிந்த பிறகு இடைவெளியை அடைத்தால் அதற்கு ஓர் அர்த்தம்தான் உண்டு. மீன் வாடை, பேச்சு, விளக்கு என்று வாய் எதைச் சொன்னாலும் அர்த்தம் அதுதான். அது எனக்குத் தெரியாததல்ல. அப்படி ஒரு சுவருக்குக் காலனிப் பக்கம் பிறந்தவன்தான் நானும். எதிரொலியை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்ததில் அது தோன்றவில்லை. குழாயடியில் நின்று "நானும் காலனிதான்" என்று சொல்ல வாய் வரவில்லை. ஊர் ஊராகச் சுற்றுகிறவன் முதலில் பழகிக்கொள்வது அதைச் சொல்லாமல் இருப்பதைத்தான்.

உள்ளே போய் எல்லாச் சாக்குகளையும் இறக்கினேன். வைக்கோல் தூசி அறை முழுக்கப் பறந்தது. இடைவெளி திறந்தது. அந்தப் பக்கத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. அவர் இருந்தார். பாத்திரம் வைக்கிற சத்தம் மெதுவாகக் கேட்டது. மெஷினைக்கூட மெதுவாக மிதித்தார். நான் வெளியே கிளம்பிச் செருப்பு மாட்டினால்தான் அது வேகம் எடுக்கும். சாயங்காலம் திரும்பி வந்து கதவைத் திறப்பேன், "வந்துட்டியா?" வராது. வீடியோ ஒன்றும் பேச வரவில்லை. பாம்பு வந்த கதையைக்கூடச் சொல்லிப் பார்த்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் இருப்பதற்கான அடையாளமே இல்லை.

கோபத்தைவிட அந்த ஜாக்கிரதைதான் தாங்கவில்லை. கடைசியில் ஒரு மத்தியானம் அவர் வாசலில் போய் நின்றேன்.

"எக்கா, ஒருவாட்டி வந்து இத காதுல வச்சிக் கேளு. எதுக்கு அடைச்சேன்னு உனக்கே தெரியும். கேட்டுட்டு அப்பறம் திட்டு."

யோசித்துவிட்டு வந்தார். கதவைத் திறந்தே வைத்தேன். கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து, பல்பையும் வேட்டியையும் பார்த்தார்.

"இத்தினி வெளிச்சம் எதுக்கு? உன்னப் பொண்ணு வூட்டுக்காரங்க யாராவது பாக்க வராங்களா?" பலகையை இழுத்து முன்பக்கம் பார்த்தார். "இவங்க யாரு?"

"தெரியாதுக்கா. விழுப்புரத்துல கட்டிக்கினாங்க."

பல நாள் கழித்துச் சிரித்தார். அந்தத் தைரியத்தில் சொன்னேன். "எக்கா, நானும் காலனிதான். நான் போயி உன்ன அப்படி நெனப்பனா?"

"அது எனக்குத் தெரியாதா? உன் கதைல எங்கயாவது நீ உள்ள குந்தி சாப்ட்டேன்னு வருதா? எல்லா ஊர்லயும் வெளிய நின்னுக்கினுதான சாப்ட்ட."

"அப்ப ஏன்க்கா கோவம்?"

"தெரிஞ்சதாலதான். வேற எவனாவது அடைச்சிருந்தா எனக்கு இன்னா?"

இதற்கு மேல் விளக்க ஒன்றும் இல்லை. அங்கேயே விட்டிருக்கலாம். ஆனால் நான் ஹெட்செட்டை எடுத்து அவர் காதில் மாட்டினேன். முதலில் அடைத்த பிறகு பேசியதைப் போட்டேன். "நல்லா கீதே" என்றார். அடுத்து பழைய வீடியோ ஒன்றைப் போட்டேன், கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற குரலைக் கேட்கட்டும் என்று. கொஞ்ச நேரம் தலையாட்டிக் கேட்டார். பிறகு தலையாட்டுவதை நிறுத்தினார். ஹெட்செட்டை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டார்.

"இது யாரு பின்னால?"

வாங்கிக் கேட்டேன். ரிக் வண்டிக்கு அடியில் நிழலுக்குப் படுக்கக்கூடாது என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்குப் பின்னால், மெல்லியதாக, ஆனால் ஒரு வார்த்தை விடாமல், அவர் குரல். மெஷின் நின்ற நேரத்தில் மகனுக்கு ஃபோனில் குரல் பதிந்து அனுப்பிக்கொண்டிருந்தார்.

"சாப்ட்டியாபா? நான் சாப்ட்டேன். இன்னிக்கி கறி எடுத்தேன். ஒடம்பெல்லாம் நல்லாத்தான் கீது. போன எடுக்க நேரம் இல்லன்னா பரவால்ல. கேட்டுட்டன்னு ஒரு பொம்மையாவது போடு. போட்டா நான் கம்முனு இருந்துக்குவேன்."

ஃபோனின் ஸ்பீக்கரில் இது கேட்டதில்லை. ஹெட்செட்டில் நான் கேட்டபோதெல்லாம் என் குரலை மட்டும் கேட்டிருக்கிறேன். அவர் தினமும் அப்படிப் பேசுவது எனக்குத் தெரியும். கறி எடுத்ததாகச் சொல்கிற நாட்களில் சுவருக்கு மேலே கறி வாசனை வந்ததில்லை என்பதும் தெரியும். அது வீடியோவுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது என்பது தெரியாது.

"இத எல்லாரும் கேட்டுருப்பாங்களா?"

"கவனிச்சிருக்க மாட்டாங்கக்கா."

"இன்னும் எதுல எதுல கீது?"

"பாக்கணும்."

"பாரு."

ஒவ்வொன்றாகப் போட்டேன். ஹெட்செட் அவர் காதில். அவர் குரல் வரும் இடத்தில் கையைத் தூக்குவார், நான் அழிப்பேன். சில வீடியோக்களில் ஜெபம், சிலவற்றில் அழுகை, ஒன்றில் மகனைப் பெயர் சொல்லித் திட்டியது, அடுத்ததில் திட்டியதற்கு மன்னிப்பு. கை தூக்காமல் போன வீடியோ மிகக் கொஞ்சம். வெயில் சாய்ந்து வாசலுக்கு வரும்போது அந்த ஆடி மாதத்திலிருந்து நான் பேசியதில் பெரும்பகுதி இல்லாமல் போயிருந்தது. அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. திரும்பப் பேசிக்கொள்ளலாம்.

"அவன் கேட்டிருப்பானா தம்பி?" என்றார்.

"அவன் எங்கக்கா இதெல்லாம் பாக்கப் போறான்?"

ஆறுதலாகத்தான் சொன்னேன்.

"ஆமா. அவன் எங்க பாக்கப் போறான்" என்று எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டார். வாசலில் நின்று சுவரின் மேல் பக்கம் பார்த்தார். "அத அடைச்சிடு."

"வேணாங்க்கா. நான் வெளிய எங்கயாவது போயி பேசிக்கிறேன்."

"உனக்காகச் சொல்லல. எனக்காக அடை. நான் இன்னா பேசறேன்னு இனிமே எனக்கே கேட்டுக்கினு இருக்கும். நீ இருக்கியா இல்லியான்னு பாத்துப் பாத்துப் பேசணும்."

அடுத்த இரண்டு நாட்கள் மெஷின் வேகமாக ஓடியது. பாவாடைத் துணியில் நீளநீளமாக உறை தைத்து, வெட்டுத்துணிகளைத் திணித்து, வாயை மூடித் தைத்திருந்தார். தலையணையைவிடக் கெட்டி. என் சாக்குகளைப் போல வைக்கோல் உதிராது. அவர் பக்கம் ஸ்டூல் போட்டு அவர் ஏறினார். என் பக்கம் நான் வாளி மேல் ஏறினேன். ஒவ்வொன்றாக நீட்டினார், நான் வாங்கிச் சுவரின் மேல் வைத்து ஷீட்டுக்கு அழுத்தினேன். அவ்வளவு பக்கத்தில் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. கண்ணாடி போட்டிருந்தார். நூல் ஒன்று தலைமுடியில் ஒட்டியிருந்தது.

"இந்த மூலைல இன்னும் கொஞ்சம் அழுத்து. ஆங், அப்படித்தான். கை மாட்டிக்கப் போவுது, எடு."

கடைசி ஒன்றை அவரே அந்தப் பக்கத்திலிருந்து உள்ளே தள்ளினார். அவர் விளக்கின் வெளிச்சம் கோடாகி, புள்ளியாகி, போனது. வாளியிலிருந்து இறங்கினேன்.

"எக்கா, கேக்குதா?" என்றேன்.

பதில் இல்லை. கேட்கவில்லையா, கேட்டும் பேசாமல் இருக்கிறாரா என்று இந்தப் பக்கத்திலிருந்து சொல்ல முடியாது. நல்ல அடைப்பு. விளக்கைப் போட்டு, மைக்கைச் சட்டையில் குத்திக்கொண்டு, ரிக் வண்டிக்கு அடியில் ஏன் படுக்கக்கூடாது என்பதிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.